முகத்துப் புள்ளிக்கு உரிய பெயரைச் சொல்லுங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் நான் நிழற்படக் கடை நடத்தத் தொடங்கி 34 ஆண்டுகள் ஆகின்றன. எனக்கு முன் அதே கடையை என் அப்பா நடத்தினார். ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் இடையே, ஒரு காலத்தில் பால்மரத் தோட்டங்களாலும் இன்று பெரும்பாலும் செம்பனையாலும் சூழப்பட்ட பட்டணம் இது. பள்ளிப் படம், பட்டமளிப்புப் படம், திருமணப் படம் என்று தோட்டங்களிலிருந்து கடைக்கு வருகிறவர்களில் பலர், நாற்காலியில் அமர்ந்து உடையைச் சரிசெய்த கையோடு, “அக்கா, இந்தப் புள்ளிய மட்டும் எடுத்துருங்க” என்று சொல்லிவிடுகிறார்கள். காட்டுகிற விரல் அந்த இடத்தைத் தொடாது. சற்றுத் தள்ளியே நிற்கும். அது மச்சமா, மருவா, மங்கா, பிறவியிலேயே இருந்ததா என்று கேட்டால், “என்னமோ ஒன்னுக்கா” என்பதுதான் பதிலாக வருகிறது. 20 ஆண்டுகளாகத் தம் முகத்தில் இருக்கும் ஒன்றின் பெயர் தெரியாமலே அதை எடுத்துவிடச் சொல்லும் அந்த நிலை என்னை மிகவும் வருத்துகிறது. இந்த வழிகாட்டியை எழுதக் காரணம் அதுவே.

எனக்கும் மூக்கின் மேலும் இரு கன்னங்களிலும் பழுப்பு நிறச் சிறு புள்ளிகள் உண்டு. ஐந்தாறு வயதில் அவை தோன்றியதாக அம்மா சொல்வார். புள்ளி அழகா, அழகில்லையா என்னும் வழக்கை நான் இங்கே எடுக்கப்போவதில்லை. எவரும் தம் முகத்தை அழகு என்று நிரூபித்துக்கொண்டே வாழ வேண்டியதில்லை. அது தம்முடையது என்று தெளிந்து, அதிலுள்ளதைத் தயங்காமல் உரிய பெயரால் சொல்ல முடிந்தால் போதும் என்பது என் உறுதியான எண்ணம். அந்த நிலைக்கு வருவதற்கு நான் கண்ட வழிகளைச் சொல்கிறேன்.

பார்த்துப் பெயர் அறிதல்

பொழுது விடிந்து ஒரு மணி நேரம் கழித்து, கைக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு சன்னலருகே அமருங்கள். குளியலறை விளக்கு வேண்டாம். தலைக்கு மேலிருந்து விழும் வெளிச்சம் கண்ணுக்குக் கீழும் மூக்கோரத்திலும் நிழலை இறக்கி, இல்லாத கருமையையும் இருப்பதாகக் காட்டும். ஒப்பனை இல்லாத முகத்தில் நான்கு கேள்விகளுக்கு விடை தேடுங்கள். அது தோலோடு தோலாகத் தட்டையாக இருக்கிறதா, விரலுக்கு மேடு தட்டுகிறதா? ஓரம் தெளிவாக இருக்கிறதா, புகைபோலக் கரைந்து போகிறதா? இரு கன்னத்திலும் ஒரேபோல் இருக்கிறதா, ஒரு பக்கம் மட்டுமா? எந்த வயதில் வந்தது? கடைசிக் கேள்விக்கு விடை தெரியாவிட்டால் வீட்டிலுள்ள பழைய படங்களைத் தேடிப் பாருங்கள். ஆண்டு 1 வகுப்புப் படத்தில் இருக்கிறதா இல்லையா என்பது மருத்துவருக்கும் பயன்படும் செய்தி.

கடுகளவே ஆன தட்டையான பழுப்புப் புள்ளிகள் மூக்கிலும் கன்னத்திலும் சிதறிக் கிடந்து, வெயிலில் அலைந்த நாள்களில் கருத்து, நிழலில் இருந்த வாரங்களில் மங்கினால், அவை என்னுடையவை போன்ற முகப்புள்ளிகள். தோலுக்கு நிறம் தரும் மெலனின், வெயில் பட்டதும் அந்தச் சிறு இடங்களில் மட்டும் கூடுதலாக உண்டாவதால் அவை தோன்றுகின்றன. எம்.சி.1.ஆர். என்னும் மரபணுவின் சில வகைகளோடு தொடர்புடையவை என்பதால் குடும்ப வழியில் வரும். நோயாகக் கருத வேண்டியவை அல்ல. வெளுத்த தோலில் மிகுதியாகவும் நம்மவரிடம் குறைவாகவும் காணப்பட்டாலும் நம்மிடையே இல்லாமல் இல்லை. சீனர்கள் இவற்றைச் சிட்டுக்குருவிப் புள்ளி என்கிறார்கள். மலாயில் மச்சத்துக்கு வழங்கும் ‘தாஹி லாலாட்’ என்ற சொல்லுக்கோ ஈயின் எச்சம் என்று பொருள். நம் சங்கப் பாடல்களில், பெண்களின் மேனியில் பரவிய பொன்னிறப் புள்ளிகளுக்குச் சுணங்கு என்னும் தனிச்சொல்லே இருக்கிறது. புலவர்கள் அதற்கு வேங்கைப் பூவை உவமை சொன்னார்கள். பின்வந்தவர்கள் அழகுத் தேமல் என்று பொருள் எழுதினார்கள். சுணங்கும் இன்றைய முகப்புள்ளியும் ஒன்றேதான் என்று நான் வாதிடவில்லை. தோலின் நிறம் இடத்துக்கு இடம் மாறுவதைக் குறையாகக் கருதாத ஒரு பார்வை தமிழுக்கு மிகப் பழையது என்பதை மட்டும், புள்ளியுள்ள நம் பெண்பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன்.

மச்சம் என்பது, நிறம் தரும் உயிரணுக்கள் ஓரிடத்தில் திரள்வதால் உண்டாகும் தெளிவான ஓரமுள்ள கரும்புள்ளி. பிறக்கும்போதே இருக்கலாம்; இளமையில் தோன்றுவதே மிகுதி. நடுவயதை நெருங்கும்போது கன்னத்திலும் கண்ணைச் சுற்றியும் மிளகைப் பொடித்துத் தூவியதுபோல் எழும் சிறு கருமேடுகளையும் பலர் மச்சம் என்றே நினைக்கிறார்கள். அவை ஒருவகை மரு. கருந்தோல் உடையவர்களுக்கே பெரிதும் வருபவை, தாய்க்கு இருந்தால் மகளுக்கும் வரக்கூடியவை, தீங்கற்றவை. இரு கன்னங்களிலும் நெற்றியிலும் மேலுதட்டிலும் ஒரே சீராகப் படரும் பழுப்புத் திட்டு மங்கு எனப்படும். அதற்கு வெயிலும் குடும்ப வழியும் காரணமாகலாம். கருவுற்ற காலத்திலும் கருத்தடை மாத்திரை உட்கொள்ளும் காலத்திலும் அது தோன்றலாம். இரவுச் சந்தைக் களிம்புக்காரர்கள் ‘ஜெராகாட்’ என்று கூவுவது இதைத்தான்.

அரிதாகச் சிலருக்குக் கண்ணைச் சுற்றி ஒரு பக்கம் மட்டும் நீலமும் சாம்பலும் கலந்த திட்டு இருக்கும். சிலருக்கு வெள்ளை விழியிலும் அந்த நிறம் தெரியும். 1939-இல் அதை விவரித்த ஓட்டா என்னும் ஜப்பானிய மருத்துவரின் பெயராலேயே இன்றும் அது மருத்துவ நூல்களில் வழங்குகிறது. அடிபட்ட கன்றல் என்று எண்ணி, வீட்டில் யாரேனும் கை ஓங்கினார்களா என்று கேட்பவர்கள் உண்டு என்பதால், அந்தத் திட்டு உள்ளவர்கள் அதன் பெயரை அறிந்திருப்பது மிகவும் தேவை. கண்ணழுத்தம் கூடும் வாய்ப்பும் சிறிது இருப்பதால் கண் மருத்துவரிடம் காட்டிக்கொள்வது நல்லது.

வெண்புள்ளியைப் பற்றி மட்டும் சற்று அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. நிறம் தரும் உயிரணுக்களை உடலின் எதிர்ப்பாற்றலே அழித்துவிடுவதால் வருவது அது; எவருக்கும் தொற்றாது. அதை வெண்குட்டம் என்று சொல்லும் பழக்கம் நம் வீடுகளிலிருந்து போக வேண்டும். தொழுநோய்க்கும் அதற்கும் எந்த உறவும் இல்லை. இந்தக் குழப்பம் தீர வேண்டும் என்பதற்காகவே தமிழ்நாட்டு அரசும் அதை வெண்புள்ளி என்று குறிக்கச் சொல்லியிருக்கிறது. 1930-இல் சுங்கை பூலோவில் தொழுநோயாளருக்கென்று தனிக் குடியிருப்பு எழுந்து, நோயுற்றவர்கள் குடும்பத்தைப் பிரிந்து அங்கே போக நேர்ந்த நினைவு நம் முதியவர்களிடம் இன்னும் இருக்கிறது. குட்டம் என்ற சொல் ஒட்டிக்கொண்ட ஒரே காரணத்தால், வெண்புள்ளி உள்ள பெண்ணின் வீட்டில் தேநீர் குடிக்கத் தயங்கியவர்களை நானே பார்த்திருக்கிறேன். தவறான ஒரு பெயர் ஒரு பெண்ணின் வாழ்வில் எவ்வளவு கெடுதல் செய்யும் என்பதற்கு இதற்கு மேல் சான்று வேண்டியதில்லை.

மருத்துவரிடம் போக வேண்டிய வேளை

பெயரை உறுதிசெய்வதற்காக ஒருமுறையாவது அரசாங்கக் கிளினிக்குக்குப் போய்வாருங்கள். குடிமக்களுக்குக் கட்டணம் 1 வெள்ளிதான். தேவைப்பட்டால் அவர்களே ஈப்போவிலுள்ள தோல் சிறப்பு மருத்துவருக்குப் பரிந்துரைக் கடிதம் தருவார்கள். தாமதிக்காமல் போக வேண்டிய நிலைகளும் உண்டு. மச்சத்தின் ஒரு பாதி மறுபாதியை ஒத்திராமல் கோணினாலோ, ஓரம் சிதைந்தாலோ, ஒரே மச்சத்தில் பல நிறங்கள் தோன்றினாலோ, பென்சில் முனையிலுள்ள அழிப்பானின் அகலமான ஏறத்தாழ 6 மில்லிமீட்டரைத் தாண்டினாலோ, சில மாதங்களில் மாறிக்கொண்டே போனாலோ, இரத்தம் கசிந்தாலோ காட்டிவிட வேண்டும். நம்மைப் போன்ற கருந்தோலினருக்கு மெலனோமா என்னும் தோல் புற்று வருவது குறைவு. வந்தால் வெயில் படாத உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் நகத்தடியிலும் வருவதே மிகுதி. ஜமைக்காப் பாடகர் பாப் மார்லிக்குக் கால் பெருவிரல் நகத்தடியில் 1977-இல் கண்டறியப்பட்டது அதுவே. பந்தாட்டக் காயம் என்று முதலில் எண்ணப்பட்ட அது பரவி, 1981-இல் 36-ஆவது வயதில் அவர் மறைந்தார். காலணிக்குள் நாள் முழுவதும் கால் மறைந்திருக்கும் தோட்டத் தொழிலாளர்கள் மாதம் ஒருமுறை உள்ளங்காலைத் திருப்பிப் பார்க்கும் வழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள். வெளிறிய திட்டு ஒன்றில் தொடுவுணர்ச்சி குன்றியிருந்தாலும் உடனே காட்டுங்கள். தொழுநோய் இன்று மருந்தால் முற்றும் குணமாகக்கூடியது.

வீட்டு வைத்தியமும் சந்தைக் களிம்பும்

எஸ்.பி.எம். தேர்வு முடிந்த விடுமுறையில், என் அத்தை இரவுச் சந்தையிலிருந்து மூடியில் பூப்படம் போட்ட ஒரு சிறு டப்பா வாங்கி வந்தார். உள்ளே எலுமிச்சை நிறத்தில் ஒரு களிம்பு. யார் செய்தது, எதனால் செய்தது என்று ஒரு வரிகூட அதில் இல்லை. பத்து நாளில் என் முகம் வெளுத்தது. புள்ளிகள் கரைந்தன. வீட்டில் எல்லாரும் மகிழ்ந்தார்கள்; நானும் மகிழ்ந்தேன். மூன்றாவது வாரத்தில் கன்னம் சிவந்து எரியத் தொடங்கியது. தண்ணீர் பட்டாலும் பொறுக்க முடியவில்லை. களிம்பை நிறுத்தியதும் புள்ளிகள் முன்னிலும் கருமையாகத் திரும்பின. தாடையோரத்தில் அதற்கு முன் இல்லாத ஒரு திட்டும் வந்து சேர்ந்தது. அத்தை என்மேல் கொண்ட அன்பினால்தான் அதை வாங்கினார். ஆகவேதான் இதை அன்புள்ள அத்தைமாரும் சித்திமாரும் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

இத்தகைய களிம்புகளில் பாதரசமும் ஹைட்ரோகுவினோனும் பீட்டாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு மருந்தும் மறைவாகக் கலக்கப்படுகின்றன. நம் நாட்டின் தேசிய மருந்தியல் ஒழுங்குமுறை நிறுவனம் இவை கலந்த பொருள்களைப் பலமுறை கண்டுபிடித்துத் தடைசெய்து பெயரோடு அறிவித்திருக்கிறது. பாதரசம் தோலின் வழியே உள்ளே சென்று சிறுநீரகத்தையும் நரம்புகளையும் கெடுக்கும்; பூசிய கையாலும் துடைத்த துண்டாலும் வீட்டுக் குழந்தைக்கும் போய்ச் சேரும். ஸ்டீராய்டு தோலை மெலியச் செய்யும். நிறுத்தினால் சிவப்பும் பருக்களும் திரும்பித் தாக்கும். ஹைட்ரோகுவினோனை மருத்துவர் மேற்பார்வையின்றி நெடுங்காலம் பூசினால் நீலக்கருமை நிலைத்துவிடுவதும் உண்டு. பாதரசம் கலந்த தோல்வெளுப்புப் பொருள்களை ஒழிப்பதற்கான விதி, 2013-இல் நாடுகள் ஏற்றுக்கொண்ட மினமாட்டா உடன்படிக்கையிலேயே இருக்கிறது. டப்பாவில் செய்தவர் பெயரும் உள்ளடக்கமும் இல்லாவிட்டால் வாங்காதீர்கள். ‘கலோமல்’, ‘மெர்க்குரி’ என்ற சொற்கள் இருந்தாலும், தங்க நகையிலோ வெள்ளியிலோ படாமல் பூசுங்கள் என்ற எச்சரிக்கை இருந்தாலும் பாதரசம் என்று கொள்ளுங்கள். வாங்கும் பொருள் அறிவிக்கப்பட்டதா என்பதை அந்த நிறுவனத்தின் இணையதளத்தில் பெயரைக் கொடுத்தே தேடிப் பார்க்கலாம்.

எலுமிச்சைச் சாற்றைப் பூசிக்கொண்டு வெயிலில் போனால் தோல் வெந்து, மாதக்கணக்கில் போகாத கருந்திட்டு விழும். சுண்ணாம்பையும் சோடாவையும் குழைத்து மருவில் வைப்பது தோலைப் பொசுக்கும் வேலை. நம் தோலில் புண் ஆறிய இடம் மேடாக வீங்கும் இயல்பும் அதிகம். எடுத்தே தீர வேண்டும் என்று நன்கு யோசித்து முடிவு செய்தவர்களை நான் குறைசொல்ல மாட்டேன். அது அவரவர் முகம், அவரவர் உரிமை. அதைத் தோல் மருத்துவரிடம் செய்துகொள்ளுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

வெயில் காப்புக் களிம்பை எல்லாரும் பூசலாம். புள்ளியை ஒழிப்பதற்காக என்றில்லை. பூமத்தியரேகைக்கு ஐந்து பாகை தொலைவில்கூட இல்லாத ஊரில் வாழ்கிறோம் என்பதற்காக. எஸ்.பி.எஃப். 30 அல்லது அதற்கு மேல் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். மங்கு உள்ளவர்கள் இரும்பு ஆக்சைடு கலந்த, தோல் நிறத்திலான களிம்பைக் கேட்டு வாங்குங்கள். கண்ணுக்குத் தெரியும் ஒளியும் மங்கைக் கருக்கச் செய்வதால் அதையும் தடுப்பது வேண்டும். செம்பனைக் குலை வெட்டும் வேலையில் இருப்பவர்களுக்கு அகன்ற தொப்பி எந்தக் களிம்பிலும் மேலானது.

படத்தில் உங்களை நீங்களாக வைத்துக்கொள்ள

இது என் தொழில் என்பதால் இங்கே சற்று நின்று சொல்கிறேன்.

அப்பா காலத்தில் நெகட்டிவில் எல்லாம் தலைகீழாகத் தெரியும்: கருத்த முடி வெளுத்தும் முகம் கருத்தும் இருக்கும். முகத்துப் புள்ளியோ, அந்தக் கருமையின் நடுவே வெளிச்சம் ஊடுருவும் சிறு பொத்தலைப்போல நிற்கும். கீழிருந்து ஒளி வரும் சாய்வான கண்ணாடிப் பலகையில் நெகட்டிவை வைத்து, முனையை உப்புத்தாளில் தேய்த்துத் தேய்த்து ஊசியாக்கிய பென்சிலால், சிறு சிறு சுழிகளாக அந்தப் பொத்தலை அப்பா நிரப்புவார். நிரப்பிய இடம் தாளில் வெளுத்து விழும், புள்ளி மறைந்துவிடும். எனக்கு 13 வயதானபோது அந்த வேலையைக் கற்றுத் தந்தார். பழகுவதற்கு நான் எடுத்துக்கொண்ட நெகட்டிவ் என்னுடைய படம். ஒரு மாலைப்பொழுது முழுவதும் கண் வலிக்கக் குனிந்து, மூக்கிலும் கன்னத்திலும் இருந்த ஒவ்வொன்றையும் நிரப்பினேன். படத்தைக் கழுவித் தூக்கிக் காட்டியபோது அப்பா நெடுநேரம் பார்த்தார். “வேலை சுத்தமாத்தான் இருக்கு. ஆனா இது யாரும்மா?” என்றார். அந்தப் படம் இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.

இன்று அந்தப் பென்சில் வேலையைக் கைப்பேசி கேட்காமலே செய்கிறது. பல கைப்பேசிகளில் முகத்தை மழுப்பும் அமைப்பு வாங்கும்போதே திறந்திருக்கும். கேமரா அமைப்புக்குள் சென்று, அழகூட்டல் என்றோ தோல் மென்மை என்றோ இருப்பதைப் பூச்சியத்துக்குக் கொண்டுவாருங்கள். பிறகு ஒளியைக் கவனியுங்கள். முகத்துக்கு நேரே வரும் பலமான வெளிச்சமும் அளவுக்கு மிஞ்சிய பிரகாசமும் புள்ளிகளை வெளுத்துக் கரைத்துவிடும். சன்னலுக்குப் பக்கவாட்டில் அமர்ந்து, பிரகாசத்தை ஒரு படி குறைத்து எடுத்தால், முகப்புள்ளி தன் நிறத்தோடும் மரு தன் மேட்டோடும் விழும். கருப்பு வெள்ளையாக மாற்ற விரும்பினால், படம் திருத்தும் செயலியில் சிவப்புப் பகுதியை உயர்த்தினால் பழுப்புப் புள்ளிகள் மறையும், நீலப் பகுதியை உயர்த்தினால் தெளிந்து எழும் என்பதை நினைவில் வையுங்கள். சிவப்பு ஒளியை உணராத மிகப் பழைய படச்சுருள்களில் எடுத்த முகங்களில் புள்ளிகள் உள்ளதைவிடக் கருமையாக விழுந்ததற்கும் இதுவே காரணம்.

கடையில் எடுப்பதானால், பணம் கட்டும் முன்பே, “முகத்தில் உள்ள மச்சத்தைத் தொடாதீர்கள்” என்று சொல்லி, ரசீதிலும் எழுதச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் பெரும்பாலான கடைகளில் பழக்கத்தாலேயே எடுத்துவிடுவார்கள். நானும் பல ஆண்டுகள் அப்படிச் செய்தவள்தான், அதற்காக வருந்துகிறேன். என் கடையில் இப்போது ஒரு விதி வைத்திருக்கிறேன்: இரண்டு வாரத்தில் தானாக மறையும் பருவையும் கீறலையும் எடுப்பேன், இரண்டு ஆண்டு கழித்தும் இருக்கப்போவதை, உடையவர் பெயர் சொல்லிக் கேட்டாலொழிய எடுக்க மாட்டேன். பெயர் சொல்லக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. “உதட்டுக்கு மேல இருக்கிற மச்சத்த எடுத்துருங்க” என்று வாய்விட்டுச் சொன்ன பிறகு, சற்று நிறுத்தி, “இருக்கட்டுங்க்கா” என்றவர்கள் உண்டு.

மைகார்டு என்னும் அடையாள அட்டைக்கான படத்தை 12 வயதிலும் பிறகு 18 வயதிலும் பதிவிலாகாவிலேயே எடுக்கிறார்கள். பிள்ளையை அழைத்துப்போகும்போது, மச்சம் உள்ள பக்கம் முடியை இழுத்துவிடவோ பவுடரை அப்பவோ வேண்டாம். அடையாள அட்டைக்கும் இந்த ஊருக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. 1948 ஜூன் 16-ஆம் நாள் சுங்கை சிப்புட்டைச் சுற்றியிருந்த தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் கொல்லப்பட்டதை அடுத்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டு, அவ்வாண்டிலேயே 12 வயதுக்கு மேற்பட்டோர் அனைவரும் படமும் பெருவிரல் ரேகையும் உள்ள அட்டை வைத்திருக்க வேண்டும் என்று ஆனது. லயத்து மக்கள் பலர் வாழ்நாளில் முதல்முறையாகத் தம் முகத்தைத் தாளில் பார்த்தது அப்போதுதான் என்று அப்பா சொல்வார். பால்வெட்டிப் பால்வெட்டி ரேகை தேய்ந்துபோன பெருவிரல்கள் மையில் சரியாகப் பதியாமல் போனதும் உண்டாம். அந்த விரலுக்கு உரியவரை முகம்தானே காட்டிக்கொடுத்திருக்கும்.

பிறர் பேசும்போது

உறவினர் கேட்பதை நிறுத்த முடியாது. நிறுத்தவும் நான் சொல்ல மாட்டேன். தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நமக்கு, கேட்பது உறவின் ஒரு பகுதி. பதிலை மட்டும் முன்பே அமைத்துக்கொள்ளுங்கள். பெயர், காலம் இரண்டும் அதில் இருந்தால் போதும். “என்னம்மா, முகமெல்லாம் மங்கு விழுந்துருச்சு?” என்று கேட்கும் பெரியம்மாவிடம், “மங்கு இல்ல பெரியம்மா, புள்ளி. சின்ன வயசுலேர்ந்து இருக்கு” என்று சொல்லி நிறுத்திவிடுங்கள். மன்னிப்புக் கேட்கும் தொனியும் வேண்டாம், சண்டைக்கு நிற்கும் தொனியும் வேண்டாம். விலாசம் கேட்டவருக்கு வீட்டு எண்ணைச் சொல்வதுபோலச் சொல்லுங்கள். மச்சம் எந்தப் பக்கம் இருந்தால் என்ன பலன் என்று தொடங்குவோருக்கு அதே பதிலைத் திரும்பச் சொன்னால் போதும்.

நம் வழக்கத்திலேயே இதற்குத் துணை இருக்கிறது. நல்வாய்ப்பு வந்தவனை மச்சக்காரன் என்கிறோம். கன்னம் கொழுகொழுவென்று இருக்கும் குழந்தைக்குக் கண்பட்டுவிடும் என்று மையால் ஒரு பொட்டு வைத்து அனுப்புகிறோம். பாட்டிமார் முன்கையிலும் தாடையிலும் பச்சைப் புள்ளிகளைத் தாமே குத்திக்கொண்டார்கள். நாமே வைத்த புள்ளியைக் கொஞ்சிவிட்டுப் பிறவியில் வந்த புள்ளியை மட்டும் மறைக்கச் சொல்வது பிள்ளைகளுக்குப் புரிவதில்லை; எனக்கும் அது புரிந்ததில்லை.

குழந்தைக்கு மூன்று நான்கு வயதாகும்போது, குளிப்பாட்டும் வேளையில் மூக்கு, காது என்று சொல்லித்தரும் அதே குரலில், “இது உன் மச்சம்” என்று தொட்டுச் சொல்லிவிடுங்கள். பள்ளிக்குப் போகும்முன் அந்தச் சொல் அவர்கள் வாயில் இருக்க வேண்டும். படிவம் 1-இல் புதிய மாணவர்கள் நடுவே பட்டப்பெயர் வைக்கப்படும்போது, உண்மைப் பெயர் முன்பே தெரிந்த பிள்ளை அவ்வளவாகத் தளராது. “நீதான் ரொம்ப அழகு” என்று மட்டும் சொல்லித் தேற்றுவது, அழகா இல்லையா என்று வகுப்பில் நடக்கும் வழக்குக்கே பிள்ளையைத் திருப்பி அனுப்புகிறது. பட்டப்பெயர் தொடர்ந்து துன்புறுத்தலாக மாறினால் வகுப்பாசிரியரைக் கண்டு பேசுங்கள். அதைப் பிள்ளையே சமாளிக்கட்டும் என்று விட்டுவிடக் கூடாது. சபாவைச் சேர்ந்த எவித்தா டெல்முண்டோவின் முகத்திலும் உடலிலும் பிறவி முதலே பல மச்சங்கள் உண்டு. பள்ளியில் கேலிக்கு ஆளான அவர், 16 வயதில் அவற்றை அகற்ற எண்ணியபோது அதில் ஆபத்து இருப்பதாக மருத்துவர்கள் சொன்னதால் விட்டுவிட்டார். 2017-இல் மலேசிய அழகிப் போட்டியின் தேர்வுச் சுற்றில் அந்த மச்சங்களோடேயே போய் நின்றார். தங்கள் நாட்டுப் பெண் ஒருத்தியைப் பற்றிய இச்செய்தி நம் பிள்ளைகளுக்குத் தெரிந்திருப்பது நல்லது.

வரன் பார்க்கும் படத்தில் மச்சத்தையும் வெண்புள்ளியையும் மறைக்காதீர்கள். மறைத்து அனுப்பிய படத்தின் பின்னால், பெண் பார்க்க வரும் நாளின் கூடத்தில் எழும் அந்த அமைதியைத் தாங்க வேண்டியவள் உங்கள் மகள். மணமேடை அலங்காரத்துக்கு முன், ஒப்பனை செய்பவரிடம் ஒத்திகை நாளிலேயே சொல்லிவிடுங்கள். அடிப்பூச்சை முகம் முழுவதும் மெலிதாக இட்டு, புள்ளி உள்ள இடத்தில் ஈரத் துணியின் நுனியால் மெல்ல ஒற்றி எடுத்தால் அது மீண்டும் தெரியும். என்னுடைய திருமணப் படங்களில் எனக்கு ஒரு புள்ளிகூட இல்லை. என் மகள் சிறு வயதில் அந்த ஆல்பத்தைப் புரட்டி, “அம்மா எங்க?” என்று கேட்டாள்.

எழுதி வைத்தல்

ஃபிஜித் தீவுக்கு 1879 முதல் 1916 வரை கரும்புத் தோட்ட வேலைக்கு ஒப்பந்தத்தில் கொண்டுபோகப்பட்ட இந்தியர் ஒவ்வொருவருக்கும் ஒரு பயணச்சீட்டு இருந்தது. பெயர், தந்தை பெயர், ஊர், உயரம் ஆகியவற்றோடு உடல் அடையாளங்களுக்கும் அதில் ஓர் இடம் உண்டு. பேரப்பிள்ளைகள் இன்று ஆவணங்களில் முன்னோரைத் தேடும்போது, கன்னத்தில் மச்சம், நெற்றியில் தழும்பு என்ற அந்த ஒற்றை வரிதான் முகம் தெரியாத ஒருவரை அவர்களுக்கு முகம் உள்ளவராக்குகிறது. தமிழ்நாட்டுப் பள்ளிச் சான்றிதழ்களிலும் அங்க அடையாளங்கள் என்று எழுதும் வழக்கம் நெடுங்காலமாக இருக்கிறது.

நீங்களும் அப்படி ஒரு வரி எழுதி வையுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை, பிறந்தநாளன்று, அதே சன்னலருகே, அதே தொலைவில், ஒப்பனையில்லாமல் ஒரு படம் எடுத்து அச்சிடுங்கள். மச்சம் மாறுகிறதா என்று மருத்துவர் ஒப்பிடவும் அது உதவும். “இடக்கன்னத்தில், கண்ணுக்கு ஒரு விரற்கடை கீழே, மச்சம் ஒன்று, பிறவியிலிருந்து” என்று இடத்தையும் பெயரையும் தேதியையும் குறித்துவிடுங்கள். படத்தின் பின்புறம் மையால் எழுத வேண்டாம். நாளடைவில் ஊறி முன்பக்கம் கறை இறங்கும். இக்கால அச்சுத்தாளின் வழுக்கலான பின்புறத்தில் பென்சிலும் சரியாக ஏறாது. ஒரு வெள்ளைத் துண்டுத்தாளில் பென்சிலால் எழுதி, படத்தோடு சேர்த்துக் காகித உறையில் இடுங்கள். முனையை மிகவும் கூராக்க வேண்டியதில்லை.